பக்கத்தில் இருப்பவர் மனிதர்தானா? ‘தி திங்’ படமும் அவநம்பிக்கைத் திகிலும்

பேய்ப் படமோ, கொலைகாரன் துரத்தும் படமோ, பெரும்பாலான திகில் படங்களில் ஒரு விஷயம் தெளிவாக இருக்கும். எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று நமக்குத் தெரியும். அது வருகிறது, எல்லோரும் ஓடுகிறார்கள். கூட ஓடுகிறவர் நம் ஆள். 1982-இல் ஜான் கார்ப்பென்டர் இயக்கி வெளிவந்த ‘தி திங்’ அந்தக் கடைசி நிச்சயத்தைப் பிடுங்கிவிடுகிறது. கூட ஓடுகிறவரே அதுவாக இருக்கலாம். கதவை இழுத்துச் சாத்தினால் அதையும் சேர்த்தே உள்ளே பூட்டிக்கொண்டதாக ஆகலாம்.

இந்த வகைப் படங்களை அவநம்பிக்கைத் திகில் என்று சொல்லலாம். இந்தக் கருத்து எப்படி வேலை செய்கிறது, ஏன் இவ்வளவு ஆழமாகத் தைக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ‘தி திங்’ படத்தைவிட நல்ல பாடம் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். முடிவு உட்படப் படத்தின் எல்லாத் திருப்பங்களையும் இங்கே பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிட்டு வந்தால் நல்லது. தெரிந்துகொண்டு பார்த்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. இரண்டாம் முறை பார்க்கும்போது இன்னும் அதிகம் கொடுக்கிற படம் இது.

கதை நடப்பது அண்டார்டிகாவில், குளிர்காலம் தொடங்கும் நேரத்தில். அமெரிக்க ஆய்வு நிலையம் ஒன்றில் 12 ஆண்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் காலையில் பனிவெளியில் ஒரு நாய் ஓடிவருகிறது. நார்வே நாட்டு நிலையத்தைச் சேர்ந்த இருவர் ஹெலிகாப்டரில் அதைத் துரத்தித் துரத்திச் சுடுகிறார்கள். தரையிறங்கியதும் ஒருவர் தன் கையிலிருந்து நழுவிய வெடிகுண்டாலேயே இறந்துபோகிறார். இன்னொருவர் ஏதோ கத்திக்கொண்டே நாயை நோக்கிச் சுடுகிறார், குறி தவறி அமெரிக்கர் ஒருவரின் காலில் குண்டு பாய்கிறது. நிலையத்தின் தலைவர் கேரி, ஜன்னல் வழியாக அவரைச் சுட்டு வீழ்த்துகிறார். நாயை உள்ளே சேர்த்துக்கொள்கிறார்கள்.

அந்த நார்வேக்காரர் கத்தியது, அது நாயே இல்லை, விலகிப் போங்கள் என்றுதான். அங்கே யாருக்கும் நார்வேஜிய மொழி தெரியாது. படம் ஆரம்பித்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அதற்குள் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் பைத்தியக்காரனாகக் கருதப்பட்டுச் செத்துப்போகிறார். பொய்யாக வந்தது வாலாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறது. யாரை நம்புவது என்ற கேள்வியில் இந்த 12 பேர் எடுக்கும் முதல் முடிவே தவறு. அது முட்டாள்தனத்தால் வந்த தவறும் இல்லை. அந்த இடத்தில் நாம் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்போம்.

நாயின் உருவத்தில் வந்தது பூமியைச் சேர்ந்த உயிரே அல்ல. மிகப் பழைய காலத்தில் விண்கலத்தில் வந்து விழுந்து, பனிக்கடியில் உறைந்து கிடந்ததை நார்வேக்காரர்கள் தோண்டி எடுத்துவிட்டார்கள். அதற்கென்று நிலையான உருவம் கிடையாது. வேறொரு உயிரைத் தொட்டுப் பற்றிக்கொண்டு, அதன் செல்களை ஒவ்வொன்றாகத் தின்று, அதே போன்ற செல்களாகத் தன்னை மாற்றிக்கொள்கிறது. வேலை முடிந்தபின் எதிரில் நிற்பது அதே முகம், அதே குரல், அதே நடை. பேச்சையும் பழக்கங்களையும் பார்த்தால் நினைவுகளும் அப்படியே வந்துவிட்டதாகத்தான் தெரிகிறது.

இந்த நினைவு விஷயத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். ஆள்மாறாட்டக் கதைகளில் வழக்கமாக ஒரு தப்பிக்கும் வழி இருக்கும். நம் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்டால் போதும், போலி திணறிவிடும். இல்லாவிட்டால் போலியின் கண்ணில் உணர்ச்சி இருக்காது, சிரிப்பு சரியாக வராது. 1956-இல் டான் சீகல் இயக்கிய ‘இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்நாட்சர்ஸ்’ படத்தில் வேற்றுகிரக விதைக்காய்களிலிருந்து மனிதர்களின் நகல்கள் முளைக்கின்றன. அவற்றுக்கு அன்பும் இல்லை, கோபமும் இல்லை. மாமாவைப் போலவே இருக்கிறார், ஆனால் அவர் என் மாமா இல்லை என்று ஒரு பெண்ணால் சொல்ல முடிகிறது. அங்கே மனித உள்ளுணர்வுக்கு இன்னும் ஒரு மதிப்பு இருக்கிறது. ‘தி திங்’ அந்த மதிப்பையும் தர மறுக்கிறது. இதில் போலி கோபப்படுகிறது, பயப்படுகிறது, எல்லோரையும் போலவே அதிர்ச்சி அடைகிறது. படத்தில் சைல்ட்ஸ் என்பவர் ஒரு கட்டத்தில் கேட்கிறார்: நான் முழுமையான நகலாக இருந்தால், இது உண்மையில் நான்தானா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அறையில் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

இதே மூலக்கதையிலிருந்து 1951-இல் எடுக்கப்பட்ட இன்னொரு படத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சட்டென்று விளங்கும். ஜான் டபிள்யூ. கேம்ப்பெல் 1938-இல் டான் ஏ. ஸ்டூவர்ட் என்ற புனைபெயரில் எழுதிய ‘ஹூ கோஸ் தேர்?’ என்ற குறுநாவல்தான் இரண்டுக்கும் அடிப்படை. 1951 படமான ‘தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்ட்’ கதையை வட துருவப் பக்கம் கொண்டுபோய்விட்டு, உருமாறும் அம்சத்தை அப்படியே கைவிட்டது. அதில் வருவது தாவர இனத்தைச் சேர்ந்த, மனித வடிவில் நடமாடும் ஓர் அரக்கன். வெளியே இருக்கிறான், உள்ளே வரப் பார்க்கிறான். அறிவியலாளர் ஒருவர் முரண்டு பிடித்தாலும் மற்ற எல்லோரும் தோளோடு தோள் சேர்ந்து அவனை வெல்கிறார்கள். ஆபத்து வெளியே இருந்தால் மனிதர்கள் நெருங்குகிறார்கள். கார்ப்பென்டரும் திரைக்கதை எழுதிய பில் லங்காஸ்டரும் கேம்ப்பெல்லின் மூலத்துக்கே திரும்பிப் போனார்கள். ஆபத்தைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். அதே பனி, அதே தனிமை. ஆனால் இந்தமுறை மனிதர்கள் ஒருவரை விட்டு ஒருவர் நகர்கிறார்கள்.

எவ்வளவு வேகமாக நகர்கிறார்கள் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 12 பேர் இருக்கும் இடத்தில், இருவர் இருவராகப் பார்த்தால் மொத்தம் 66 உறவுகள். அதில் ஒரே ஒருவர் போலி என்று வைத்துக்கொள்வோம். போலி சம்பந்தப்பட்ட உறவுகள் 11தான். மீதி 55 உறவுகளும் உண்மையான மனிதனுக்கும் உண்மையான மனிதனுக்கும் இடையில் இருப்பவை. ஆனால் போலி யார் என்று தெரியாத வரைக்கும் 66-ம் ஒன்றுபோலத்தான் தெரியும். 11 இடத்தில் தேவைப்படும் எச்சரிக்கை, 66 இடத்திலும் நம்பிக்கையை அரித்துவிடுகிறது. அந்த 55 உறவுகளை உடைக்க அந்த உயிர் எந்த முயற்சியும் எடுக்க வேண்டியதில்லை. அதைச் செய்வது மனிதர்களேதான். அவநம்பிக்கைத் திகில் என்ற வகையின் உயிர்நாடி இந்த 55-இல் இருக்கிறது.

சரி, படம் இதை எப்படிக் காட்டுகிறது? இங்கேதான் கார்ப்பென்டரின் கைவண்ணம் தெரிகிறது. சஸ்பென்ஸ் பற்றி இயக்குநர் ஹிட்ச்காக் சொன்ன ஓர் உதாரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேஜைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது பாத்திரங்களுக்குத் தெரியாது, பார்க்கும் நமக்குத் தெரியும், அதனால் பதறுகிறோம். ‘தி திங்’ இதற்கு நேர் எதிரான வழியில் போகிறது. பாத்திரங்களுக்குத் தெரியாத எதுவும் முக்கியமான இடங்களில் நமக்கும் தெரிவதில்லை. நிலையத்துக்குள் வந்த நாய் நடைபாதையில் மெதுவாக நடந்து, ஓர் அறைக்குள் எட்டிப் பார்க்கிறது. சுவரில் ஒரு மனிதனின் நிழல். தலை திரும்புகிறது. காட்சி மறைந்துவிடுகிறது. அந்த மனிதன் யார்? நிழலை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காகவே, முக்கிய நடிகர்கள் யாரையும் நிற்கவைக்காமல் ஒரு ஸ்டண்ட் கலைஞரை நிற்கவைத்து எடுத்திருக்கிறார்கள். அந்த நொடியிலிருந்து நாமும் அந்த நிலையத்தில் மாட்டிக்கொண்ட இன்னொரு ஆள்தான்.

ஒளிப்பதிவாளர் டீன் கண்டி அகலமான சட்டகத்தில் நாலைந்து பேரைச் சேர்த்தே வைக்கிறார். பேசுகிறவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒருவர் எழுந்து போகிறார். எங்கே போனார், எவ்வளவு நேரம் தனியாக இருந்தார் என்று படம் சொல்வதில்லை. கொஞ்ச நேரத்தில் நாமே மனதுக்குள் வருகைப்பதிவு எடுக்கத் தொடங்குகிறோம். இன்னியோ மாரிக்கோனேயின் இசை இதயத்துடிப்பு போல அடித்தொண்டையில் ஒரே சீராக அடித்துக்கொண்டே இருக்கிறது. பயப்படுங்கள் என்று அது அலறுவதில்லை. இன்னும் எதுவும் முடியவில்லை என்று நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான்.

அவநம்பிக்கை எப்படிப் பரவுகிறது என்பதற்குப் படத்தில் இரத்தம் வைத்திருக்கும் குளிர்சாதனப் பெட்டிக் காட்சி அருமையான உதாரணம். ஒவ்வொருவரின் இரத்தத்தையும், சேமிப்பில் இருக்கும் சுத்தமான இரத்தத்தோடு கலந்து சோதித்துப் பார்க்கலாம் என்று மருத்துவர் காப்பர் யோசனை சொல்கிறார். போய்ப் பார்த்தால் சேமிப்பில் இருந்த பைகள் எல்லாம் கிழிந்து கிடக்கின்றன. பூட்டு உடைக்கப்படவில்லை. சாவியால் திறக்கப்பட்டிருக்கிறது. சாவி யாரிடம் இருக்கும்? தலைவர் கேரியிடம். அதை வாங்கிப் பயன்படுத்துகிறவர் யார்? காப்பர். ஒரே நிமிடத்தில் நிலையத்தின் தலைவரும் மருத்துவரும் சந்தேகத்துக்குரியவர்கள் ஆகிவிடுகிறார்கள். பொறுப்பில் இருந்தவர்களிடம்தான் சாவி இருக்கும், சாவி இருந்தவர்கள் மேல்தான் சந்தேகம் வரும். அதிகாரம் முதலில் சரிகிற விதம் இது.

கேரி தன் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு, பொறுப்பை நாரிஸிடம் கொடுக்கலாம், அவரை யாரும் எதிர்க்கமாட்டார்கள் என்கிறார். நாரிஸ் அமைதியானவர், யாருடனும் வம்புக்குப் போகாதவர். அவர் மறுத்துவிடுகிறார். கடைசியில் ஹெலிகாப்டர் ஓட்டியான மெக்ரெடி, கர்ட் ரஸ்ஸல் நடித்த பாத்திரம், பொறுப்பை எடுத்துக்கொள்கிறார். கேரி, காப்பர், நாய்களைப் பராமரிக்கும் கிளார்க் ஆகிய மூவரும் அதிகச் சந்தேகத்துக்குரியவர்கள் என்று அவர்களுக்கு மயக்க ஊசி போட்டுத் தனியாக வைக்கிறார்கள். கிளார்க் மேல் சந்தேகம் வந்ததும் நியாயம்தான், அந்த நாயோடு அதிக நேரம் தனியாக இருந்தவர் அவரே. கொஞ்ச நேரத்தில் மெக்ரெடியின் பெயர் உள்ள கிழிந்த உடை கிடைக்கிறது. உடனே மற்றவர்கள் அவரையும் பனிப்புயலில் வெளியே விட்டுக் கதவைச் சாத்தப் பார்க்கிறார்கள்.

இப்போது கணக்குப் பாருங்கள். கேரி மனிதர். காப்பர் மனிதர். கிளார்க் மனிதர். மெக்ரெடியும் பின்னால் வரும் சோதனையின்போது மனிதர்தான். நல்ல காரணங்களோடு சந்தேகிக்கப்பட்ட நால்வரும் மனிதர்கள். எல்லோரும் ஏற்றுக்கொள்ளக்கூடியவர் என்று முன்மொழியப்பட்ட நாரிஸும், யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத பால்மரும்தான் போலிகள். தர்க்கம் போட்டு யோசித்தவர்கள் தவறான இடத்தைப் போய்ச் சேர்ந்தார்கள். காரணம் எளிது. ஒளிந்திருப்பது எதுவோ அது சந்தேகம் வராமல் நடந்துகொள்ளத்தான் பார்க்கும். பயந்துபோன மனிதனுக்கு அந்தக் கவனம் இருக்காது. அவன் கத்துவான், கோபப்படுவான், தனியாகப் போய் உட்காருவான், பொருத்தமில்லாமல் பேசுவான். ஆக, நடத்தையை வைத்து ஆளை எடைபோட்டால் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் மனிதனே.

இயற்கையிலும் இப்படி ஏமாற்றும் உயிர்கள் உண்டு. ஐரோப்பாவில் காணப்படும் பெரிய நீல வண்ணத்துப்பூச்சியின் புழு, ஒரு வகைச் சிவப்பு எறும்பின் குஞ்சுகளுடைய வாசனையைத் தன் உடலில் சுரந்துகொள்ளும். எறும்புகள் ஒன்றையொன்று அடையாளம் காண்பது வாசனையால்தான். அதனால் வழியில் கிடக்கும் புழுவைத் தங்கள் குஞ்சு என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு புற்றுக்குள் போய்ப் பாதுகாப்பாக வைத்துவிடும். புழு உள்ளேயே இருந்துகொண்டு உண்மையான குஞ்சுகளைத் தின்று கொழுக்கும். எறும்புகள் காவலில் குறை வைக்கவில்லை. அவை எதை வைத்துச் சரிபார்க்கின்றனவோ, அதையே புழு நகலெடுத்துவிட்டது. மனிதர்கள் முகத்தையும் குரலையும் வைத்துச் சரிபார்க்கிறார்கள். ‘தி திங்’ படத்தின் உயிர் சரியாக அந்த இடத்தில் கைவைக்கிறது.

ஆகவே தப்பிக்க வேண்டுமானால், அது நகலெடுக்க முடியாத ஏதோ ஒன்றை வைத்துச் சரிபார்க்க வேண்டும். படத்தின் உச்சமான இரத்தச் சோதனைக் காட்சி அதைத்தான் செய்கிறது. கேம்ப்பெல்லின் குறுநாவலிலேயே இந்தச் சோதனை இருக்கிறது. இந்த வகைக் கதைகளிலேயே இதைவிடக் கூர்மையான யோசனை வந்ததில்லை என்று நினைக்கிறேன்.

மெக்ரெடிக்கு அந்த யோசனை நாரிஸின் சாவிலிருந்து கிடைக்கிறது. நாரிஸுக்கு மாரடைப்பு வந்துவிட்டது என்று நினைத்து, காப்பர் அவர் நெஞ்சில் மின்னதிர்ச்சி கொடுக்கிறார். நெஞ்சு வாயாகப் பிளந்து காப்பரின் இரண்டு கைகளையும் கடித்துத் துண்டிக்கிறது. எரிக்கத் தொடங்கியதும், தலை மட்டும் உடலிலிருந்து பிய்ந்து, கால்கள் முளைத்து, சிலந்தி போல ஊர்ந்து தப்பிக்கப் பார்க்கிறது. அப்படியென்றால் அதன் ஒவ்வொரு துண்டும் தனி உயிர், ஒவ்வொன்றுக்கும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வெறி இருக்கிறது. மனித இரத்தம் வெறும் இரத்தம், உடலை விட்டு வெளியே வந்தால் அதற்குப் பயம் கிடையாது. அதன் இரத்தத்துக்குப் பயம் இருக்கும். சூடான கம்பியால் தொட்டால் துள்ளி ஓடும்.

இருப்பவர்களைச் சோபாவிலும் நாற்காலியிலும் கட்டிப்போட்டு, ஒவ்வொருவரின் கட்டை விரலையும் கீறிக் கண்ணாடித் தட்டில் இரத்தம் எடுக்கிறார்கள். கட்டிப்போடும்போது கிளார்க் கத்தியோடு பாய, மெக்ரெடி அவரைச் சுட்டுவிடுகிறார். சோதனை தொடங்குகிறது. கம்பியைப் பழுக்கக் காய்ச்சி இரத்தத்தில் வைத்தால் உஸ்ஸென்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. முதலில் விண்டோஸ் என்ற இளைஞர். மனிதர். கட்டவிழ்த்து, நெருப்பு உமிழும் கருவியை அவர் கையில் கொடுக்கிறார்கள். அடுத்தது மெக்ரெடியே தன் இரத்தத்தை எல்லோர் முன்னாலும் தொட்டுக் காட்டுகிறார். இறந்துபோன கிளார்க்கின் இரத்தத்தையும் தொடுகிறார்கள். உஸ். கிளார்க் மனிதர். அப்படியானால் நீ கொலைகாரன் என்று சைல்ட்ஸ் சொல்கிறார். மெக்ரெடி பதிலே பேசாமல் அடுத்த தட்டை எடுக்கிறார். கட்டுண்ட கேரியோடு எரிச்சலாக ஏதோ பேசிக்கொண்டே, பார்வையைச் சரியாக வைக்காமல், பால்மரின் இரத்தத்தில் கம்பியை நுழைக்கிறார். இரத்தம் அலறிக்கொண்டு துள்ளுகிறது. பால்மரோடு ஒரே சோபாவில் சேர்த்துக் கட்டப்பட்டவர்களால் எழுந்து ஓடவும் முடியாது.

இந்தச் சோதனை எதனால் பலித்தது என்று பிரித்துப் பார்த்தால் நம்பிக்கை என்பதே எப்படி உருவாகிறது என்பது விளங்கும். நடத்தையைப் பற்றியோ குணத்தைப் பற்றியோ அது எதுவும் கேட்கவில்லை. எல்லோர் கண் முன்னாலும் நடந்தது. சோதிப்பவரும் சோதனைக்கு உட்பட்டார். இந்த மூன்றாவதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். மெக்ரெடி தன்னைச் சோதிக்காமல் மற்றவர்களை மட்டும் சோதித்திருந்தால், அது வெறும் துப்பாக்கி முனை அதிகாரம். தன்னையும் தட்டில் வைத்ததால்தான், அவரை வெறுத்தவர்கள்கூட முடிவை ஏற்றார்கள். பரஸ்பர அன்போ, சமாதானப் பேச்சோ அங்கே எதையும் சரிசெய்யவில்லை. யாராலும் மறுக்க முடியாத ஒரு பொதுச் சான்று சரிசெய்தது. ஆனால் அந்தச் சான்றுக்குக் கிளார்க்கின் உயிர் விலையாகப் போனது.

இன்னொரு வழியில் போனவர் உயிரியலாளர் பிளேர். எல்லோரையும் விட முன்பாக விஷயத்தைப் புரிந்துகொண்டவர் அவர். கணினியில் கணக்குப் போட்டுப் பார்க்கிறார். குழுவில் ஒருவராவது தொற்றுக்கு ஆளாகியிருக்க 75 சதவீத வாய்ப்பு. மக்கள் வாழும் பகுதியை அது எட்டிவிட்டால், முதல் தொடர்பிலிருந்து 27,000 மணி நேரத்தில் உலக மக்கள் மொத்தமும் தொற்றுக்கு ஆளாகிவிடுவார்கள். ஆண்டுக்கணக்கில் சொன்னால் மூன்று ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். பிளேர் யாரிடமும் விவாதிக்கவில்லை. கோடரியை எடுத்து வானொலிக் கருவிகளை நொறுக்குகிறார், ஹெலிகாப்டரைச் செயலிழக்கச் செய்கிறார், மிச்ச நாய்களைக் கொல்கிறார். மற்றவர்களுக்கு அவர் பித்துப்பிடித்தவராகத் தெரிகிறார். அவர் கணக்கு சரி என்று வைத்துக்கொண்டால், அந்தக் கட்டடத்தில் தெளிவாக யோசித்த ஒரே ஆள் அவர்தான். ஆரம்பக் காட்சியின் நார்வேக்காரருக்கு நேர்ந்ததே இவருக்கும் நேர்கிறது. தனிக் குடிசையில் அடைத்துவிடுகிறார்கள்.

யார் போலி என்று தெரிந்தவர்கள் சிலர், தெரியாதவர்கள் பலர் என்ற இந்த அமைப்பு விளையாட்டாகவும் வாழ்கிறது. மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் திமித்ரி தவிதோவ் 1986-இல் உருவாக்கிய ‘மாஃபியா’ விளையாட்டு அப்படித்தான். உண்மை தெரிந்த சிறு கூட்டம் ஒளிந்திருக்கும். உண்மை தெரியாத பெரிய கூட்டம் பேசிப் பேசி ஆளை வெளியேற்றும். 2018-இல் வந்து 2020-இல் உலகமெங்கும் பரவிய ‘அமாங் அஸ்’ கணினி விளையாட்டும் அதே வழிதான். ஆடியவர்களுக்குத் தெரியும், நிரபராதியாக இருந்து குற்றம்சாட்டப்படும்போது குரல் எப்படி உயர்ந்துவிடுகிறது என்று. படத்தில் கேரிக்கும் கிளார்க்குக்கும் நேர்வதை நம் உடம்பிலேயே உணர்ந்துபார்க்க எளிய வழி அது.

உருமாற்றக் காட்சிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் எதுவும் இல்லாமல், ரப்பரும் இரசாயனங்களும் கம்பிகளும் கொண்டு அவற்றைச் செய்தவர் ராப் பாட்டின். அப்போது அவருக்கு வயது இருபதுகளின் தொடக்கம். வேலைப் பளுவால் கடைசியில் மருத்துவமனையில் சேர்க்கப்படும் அளவுக்கு உழைத்தார். நாய்க்கூண்டுக் காட்சியின் உருவத்தை மட்டும் ஸ்டான் வின்ஸ்டன் செய்துகொடுத்தார். காப்பரின் கைகள் துண்டாகும் காட்சிக்கு, இரண்டு கைகளும் இல்லாத ஒருவரை நடிகரின் முகமூடியோடு நடிக்கவைத்தார்கள். இவ்வளவு கோரம் தேவையா என்று அப்போதே பலர் கேட்டார்கள். என் பதில், தேவை. படம் முழுக்க எதுவும் வெளியே தெரியாமல் அடங்கிக் கிடக்கிறது. சந்தேகம் வெறும் எண்ணமாகவே இருந்தால், கொஞ்ச நேரத்தில் அது நீர்த்துவிடும். ஒரு மனித முகத்துக்குப் பின்னால் என்ன இருக்கக்கூடும் என்று இரண்டு மூன்று முறை கண்ணால் பார்த்துவிட்ட பிறகுதான், அமைதியாக உட்கார்ந்திருக்கும் முகங்களும் அச்சுறுத்த ஆரம்பிக்கின்றன.

1982 ஜூன் 25-ஆம் தேதி அமெரிக்காவில் படம் வெளியானது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ வந்து, வேற்றுகிரகவாசி என்றால் அன்பானவர் என்ற மனநிலையை உருவாக்கியிருந்தது. விமர்சகர்கள் ‘தி திங்’ படத்தைக் கடுமையாகச் சாடினார்கள். ஒன்றரைக் கோடி டாலர் செலவில் எடுத்த படம் அமெரிக்கத் திரையரங்குகளில் இரண்டு கோடி டாலரைக்கூட எட்டவில்லை. அப்புறம் வீடியோ கேசட்டும் தொலைக்காட்சியும்தான் அதைக் காப்பாற்றின. இன்று திகில் படங்களின் முதல் வரிசையில் அதை வைக்கிறார்கள். தென் துருவத்தில் உள்ள அமுண்ட்சென்–ஸ்காட் நிலையத்தில், குளிர்காலத்துக்கு முந்தைய கடைசி விமானம் கிளம்பிப் போனபின், மாதக்கணக்கில் அங்கேயே தங்கப்போகும் ஊழியர்கள் ஒன்றாக உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்ப்பது ஒரு வழக்கம்.

முடிவில் நிலையம் எரிந்துகொண்டிருக்கிறது. உயிரோடு இருப்பது மெக்ரெடியும் சைல்ட்ஸும் மட்டும். சைல்ட்ஸ் கொஞ்ச நேரம் கண்ணில் படாமல் போயிருந்தார். இருவரில் ஒருவர் போலியா, இருவருமே மனிதர்களா என்று படம் சொல்வதில்லை. மூச்சுப் புகை தெரிகிறதா, கண்ணில் ஒளி இருக்கிறதா, புட்டியில் இருந்தது மதுவா பெட்ரோலா என்றெல்லாம் ரசிகர்கள் பல ஆண்டுகளாக அலசுகிறார்கள். அலசல் சுவையாகத்தான் இருக்கும். ஆனால் சோதித்துப் பார்க்க இனி கம்பியும் இல்லை, தட்டும் இல்லை, மூன்றாவது ஆளும் இல்லை என்பதே அந்தக் காட்சியின் விஷயம். விடை தெரிந்துவிட்டால் அதன் கனம் பாதியாகிவிடும்.

புதிதாகப் பார்க்கப்போகிறவர்கள் 1982 படத்திலிருந்தே தொடங்கலாம். அதே பெயரில் 2011-இல் வந்த படம் நார்வே நிலையத்தில் முன்பு நடந்ததைச் சொல்வது. நாய் தப்பி ஓடும் இடத்தில் அது முடியும். காலவரிசைப்படி முதலில் அதைப் பார்த்தால், நாய் யார் என்ற முதல் அதிர்ச்சியே போய்விடும். இரண்டாம் முறை பார்க்கும்போது பால்மரைக் கவனியுங்கள். நாரிஸின் தலை ஊர்ந்து தப்பிப்பதை முதலில் பார்த்து வாய்விட்டுச் சொல்வது அவர்தான். தன் இனத்தையே காட்டிக்கொடுக்கிறது பால்மர் என்ற அந்தத் துண்டு, ஏனென்றால் அதற்கு இனம் என்று ஒன்று இல்லை, தான் மட்டும்தான். அடுத்து பிளேர். குடிசையில் அடைபட்டிருக்கும் அவரை மெக்ரெடி ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது, அவர் முன்னால் ஒரு தூக்குக் கயிறு தொங்குகிறது. அவரோ நிதானமாக, எனக்கு இப்போது ஒன்றும் இல்லை, உள்ளே வர விரும்புகிறேன் என்கிறார். பின்னால் அவரும் போலி என்று தெரியவருகிறது. எப்போது மாறினார்? கயிற்றைக் கட்டியது உலகத்தைக் காப்பாற்ற நினைத்த மனிதர் என்றே நான் நம்புகிறேன். உள்ளே வர அனுமதி கேட்டது அவர்தானா என்பதில் எனக்கு உறுதி இல்லை. படத்தை நிறுத்தி, அந்த ஒரு நிமிடத்தை மட்டும் மறுபடி ஓட்டிப் பாருங்கள்.